ஒப்பனை: ஆன்சி ஹென்றி

அண்ணன் ஒருமுறை வீட்டுக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆன்சி பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள். போன வாரம் நோயல் வந்தான். எதுவும் சரியாகவில்லை.

மும்பையில் பெரிய பத்திரிகைகளின் அட்டைக்கு நடிகைகளைப் படம் எடுக்கிற நோயல் ஹென்றி, பிறந்து வளர்ந்த இராயபுரம் வீட்டில் விருந்தாளியைப்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அம்மா ஃப்ளோரன்ஸ் வறுத்துவைத்த வஞ்சிரத்தைத் தின்றான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா ஹென்றி அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொடுத்த துறைமுக வேலையை உதறிவிட்டுப் போனவன் அல்லவா? சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

கை கழுவும்போது நோயல் தங்கையிடம் சொன்னான்: "வினிதாவை எண்ணூர்ல வெச்சு எடுக்கப் போறேன். புடவை கட்டிவிட ஒரு ஆள் வேணும். வர்றியா?"

நடிகை வினிதா. முகத்தைப் பார்க்காமல் குரலை வைத்தே தெரு சொல்லிவிடும். அப்படிப்பட்டவள் ஏழெட்டு மாதமாக ஒரு படத்திலும் இல்லை, ஒரு விழாவிலும் தலைகாட்டவில்லை.

வீட்டின் முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்துக் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்யும் ஆன்சி யோசிக்கவே இல்லை. வருகிறேன் என்றாள்.

அந்த நாளும் விடிந்தது.

எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் மூட்டத்துக்குள் பாதி மறைந்து நின்றன. காற்றில் மீன் வாடையும் நிலக்கரி வாடையும் மாறிமாறி வந்தன. கரையில் நின்ற கேரவன் வண்டிக்குள் வினிதா இருந்தாள்.

வரவேண்டியவர் ஒருவர்தான் வரவில்லை. வினிதாவின் சொந்த ஒப்பனைக்காரர், எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குள் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார்.

நோயல் வானத்தைப் பார்த்தான். "இந்த வெளிச்சம் காத்திருக்காது. ஆன்சி, நீயே மேக்கப் போட்டுடு."

"நானா?"

"கல்யாணப் பொண்ணுன்னு நினைச்சுக்கோ."

ஆன்சி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேரவனுக்குள் ஏறினாள். கண்ணாடிக்கு முன்னால் வினிதா உட்கார்ந்திருந்தாள். மடியில் சாம்பல் நிறப் பட்டு, இனிமேல்தான் கட்டிவிட வேண்டும். தாடைவரை பொத்தான் வைத்த ரவிக்கை. திரையில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள்.

"மேல் பொத்தான கொஞ்சம் கழட்டணும் மேடம். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரே நெறமா வரணும்ல."

வினிதா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். "நீங்க நோயலோட தங்கச்சியா?"

"ஆமா மேடம்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்ல மேடம்."

"நல்லது" என்றாள் வினிதா. வேடிக்கையாகச் சொன்னதுபோல் இல்லை. பிறகு தானே பொத்தான்களைக் கழற்றினாள்.

இடது காதுக்குக் கீழே தொடங்கிக் காறையெலும்பு வரைக்கும் விரல்கள் பதிந்திருந்தன. சில தடங்கள் மஞ்சளித்து ஆறிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் கருநீலமாக இருந்தது. அது புதிது.

தேமல், மரு, சூட்டுத் தழும்பு என்று எத்தனையோ கழுத்துகளை மறைத்த கை, பழக்கத்தில் தானாகவே கிரீமை எடுத்தது. வினிதா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை மறைக்காதீங்க."

"மேடம்..."

"எங்க மேக்கப்மேன் இருந்திருந்தா கேக்காமலே மறைச்சிருப்பார். ரொம்ப நாளா அவருக்கு அதுதான் வேலை."

"யாரு மேடம் இப்டி..."

"வீட்டுக்காரர்தான். வேற யாருக்கு இவ்வளவு உரிமை இருக்கு?"

வெளியே நோயல் யாரையோ நாற்காலியைத் தள்ளிப் போடச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"யாராண்டயாவது சொல்லக் கூடாதா மேடம்?"

"சொன்னேன். நம்பிக்கையான டைரக்டர் ஒருத்தர்கிட்ட. எந்தப் படத்துக்கு இந்த சீன்னு கேட்டார்." வினிதா மணிக்கட்டை விட்டாள். "நான் அழுதா ஜனங்க நடிப்பு பிரமாதம்பாங்க. வாயால சொல்லிப் பிரயோஜனம் இல்ல. படத்துல இருக்கட்டும். உங்க அண்ணன் எடுத்தா ஊரே பாக்கும். பாக்கட்டும்."

"பயமா இல்லியா மேடம்?"

"இருக்கு. அதனாலதான் ஸ்டுடியோ வேணாம்னு இவ்வளவு தூரம் வந்தேன்."

ஆன்சி கிரீம் டப்பாவை மூடினாள். முகத்துக்கு மட்டும் பூசினாள். கழுத்தில் அவள் விரல்கூடப் படவில்லை. வினிதா பொத்தான்களை மறுபடியும் போட்டுக்கொண்டதும் ஆன்சி புடவையைக் கட்டிவிட்டாள்.

முழங்காலளவு தண்ணீரில் ஒரு மர நாற்காலி. அதில் வினிதா. நோயல் ஈர மண்ணில் மண்டியிட்டு, இப்படித் திரும்புங்கள், தோளை இறக்குங்கள் என்று சொல்லிக்கொண்டே எடுத்தான். எல்லாம் அழகாக இருந்தன. அழகைத் தவிர எதுவும் இல்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அப்போது வினிதா பொத்தான்களைக் கழற்றிக் கழுத்துப்பட்டையை இரண்டு பக்கமும் விரித்தாள். நிமிர்ந்து நேராக காமிராவைப் பார்த்தாள்.

நோயல் காமிராவைக் கண்ணிலிருந்து இறக்கினான்.

"எடுங்க நோயல்" என்றாள் அவள்.

எடுத்தான். திரும்பத் திரும்ப எடுத்தான். ஆன்சி அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் இரக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இரக்கத்துக்கு முன்னால் வேறொன்று வந்து நின்றுவிட்டது. எதிர்பாராமல் பெரிய மீன் விழுந்தால் காசிமேட்டில் முகங்கள் அப்படித்தான் மாறும்.

அவள் பார்வையைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளைக் கார் வந்து நின்றதை முதலில் பார்த்தவளும் அவள்தான். இறங்கியவர் செருப்பைக் கழற்றி வண்டியிலேயே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு நிதானமாக மணலில் நடந்து வந்தார். கருணாகரன். வினிதாவின் கணவர். அவளுடைய படங்களுக்குத் தயாரிப்பாளர்.

யாரிடமும் குரலை உயர்த்தவில்லை. "மேக்கப்மேன் ஃபோன் பண்ணார். தனியா கஷ்டப்படறீங்களோன்னு சுத்து வழியா வந்தேன்" என்றார். நோயலின் தோளில் கைபோட்டுக் காமிராவின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு படமாகத் தள்ளச் சொன்னார். அந்தப் படம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

வெகுநேரம் பார்த்தார். தண்ணீரில் உட்கார்ந்திருந்த வினிதா அசையவில்லை.

"நல்லா வந்திருக்கு" என்றார் கருணாகரன். திரும்பி ஆன்சியைப் பார்த்தார். "மேக்கப் யாரு, நீங்களா?"

"ஆமா சார்."

"பேர்?"

"ஆன்சி."

"முழுப் பேர் சொல்லுங்கம்மா."

"ஆன்சி ஹென்றி."

அதைத் தன் செல்போனில் நிதானமாகத் தட்டிக்கொண்டார். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு தண்ணீரில் இறங்கிப் போய், மனைவியின் ரவிக்கைப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். குழந்தைக்கு உடுத்திவிடும் அப்பாவைப்போல அவ்வளவு பொறுமை. வினிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நோயல், நீங்களும் எங்களோட கார்ல வாங்க. பேசணும்."

நோயல் தங்கையைப் பார்க்காமலே ஏறினான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது ஃப்ளோரன்ஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"உனுக்கு இன்னாத்துக்குடி இந்த வம்பு? புடவ கட்டத்தானே போனே? கட்டிட்டு வந்துட வேண்டியதுதானே?"

"கழுத்த நெரிச்சிகீறான்மா. விரலு விரலா தெரியுது."

"பெரிய எடம். அது அவுங்க வூட்டு சமாச்சாரம்."

ஹென்றி கூடத்தில் செய்தித்தாளை விரித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

பிற்பகலில் ஆன்சியின் செல்போன் அதிர ஆரம்பித்தது. முதலில் காசிமேட்டுக் கல்யாணப் பெண் ஒருத்தி. "அக்கா, இன்னாமா வரைஞ்சிகீறே. மெய்யாலுமே அடிபட்ட மாரியே கீதுக்கா." ஆன்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்து தண்டையார்பேட்டையில் பார்லர் நடத்தும் தோழி. அதற்கடுத்து பெயர் தெரியாத யார் யாரோ.

திறந்து பார்த்தாள். அந்தப் படம்தான். சாம்பல் தண்ணீர், நாற்காலி, விரிந்த கழுத்துப்பட்டை, நேரே பார்க்கும் கண்கள். கீழே எழுதியிருந்தது: 'வினிதா திரும்பி வருகிறார். புதிய படத்தின் முதல் தோற்றம். ஒளிப்படம்: நோயல் ஹென்றி. காய ஒப்பனை: ஆன்சி ஹென்றி, இராயபுரம்.'

ஆன்சி அதை இரண்டாம் முறையும் படித்தாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். படித்த அந்த ஒரு கணம் அவளுக்கு உள்ளே ஏதோ இனித்தது. எத்தனை கல்யாண ஆல்பங்களுக்கு முகம் எழுதியிருக்கிறாள்! அட்டையில் ஸ்டுடியோ பெயர் தங்க எழுத்தில் இருக்கும். அவள் பெயர் எங்கேயும் இருந்ததில்லை. இப்போது ஊரே அதைப் படித்துக்கொண்டிருந்தது.

அடுத்த கணம் கூசிப்போனாள். அண்ணனைக் கூப்பிட்டாள்.

"பாத்தியா? எத்தனை லட்சம் பேர் பாத்திருக்காங்க தெரியுமா?" என்றான் நோயல்.

"காயத்த நான் வரைஞ்சேன்னு போட்டுக்கீது."

"படம் வெளிய வரணும்னு அவங்க ஆசைப்பட்டாங்க. வந்துடுச்சு. இதுக்கு ஒத்துக்கலைன்னா காமிரா கார்டைப் பிடுங்கிக் கடல்ல போட்டிருப்பார் ஆன்சி. வேற வழியே இல்ல."

"அந்தப் பொண்ணு வாயப் பொத்திட்டு மொகத்த மட்டும் வெளிய உட்டுக்கீறே. அதுக்குப் பேரு வழியா?"

"மெதுவா பேசு. சாயங்காலம் டிவி சானல்ல இருந்து வருவாங்க. காயத்தை எப்படி வரைஞ்சேன்னு செஞ்சு காட்டணும், அவ்வளவுதான். அப்புறம் உன் பேர் எங்கேயோ போயிடும்."

"வினிதா மேடம் எங்க?"

"ரெஸ்ட் எடுக்கறாங்க."

"நீ பாத்தியா?"

"சாயங்காலம் ரெடியா இரு" என்றான்.

"நீ எங்க கீறே?"

"நீலாங்கரைல. அவங்க வீட்ல" என்றான். தொடர்பு அறுந்தது.

ஃப்ளோரன்ஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். "ஆமான்னு சொல்ட்டு உட்டுடு ஆன்சி. கிரேன் தூக்குற எடத்துல கீழ போய் நிக்கக் கூடாதுன்னு உங்க நைனா சொல்லுவாரே, அத்த நெனச்சிக்கோ. நசுங்கிப் பூடுவோம்."

ஹென்றி செய்தித்தாளை மடித்தார். "கீழ ஒருத்தன் மாட்டிகினு கத்துனான்னா கிரேன நிறுத்தணும். அதுவும் நான் சொன்னதுதான்."



பொழுது சாய்கிற நேரத்தில் சானல்காரர்கள் வந்தார்கள். சுஜா என்று ஒரு இளம்பெண், கையில் மைக். கூட ஒரு காமிராக்காரர். குறுகலான முன்னறைக்குள் விளக்குகளை நட்டார்கள். வாசலில் தெருவே கூடிவிட்டது.

"நேரலை அக்கா. டென்ஷன் ஆகாதீங்க" என்றாள் சுஜா. பார்லர் நாற்காலியில் தானே உட்கார்ந்து, துப்பட்டாவை எடுத்துவிட்டுக் கழுத்தைக் காட்டினாள். "என் கழுத்துலயே வரைஞ்சு காட்டுங்க. அதே மாதிரி."

விளக்கு எரிந்தது. சுஜா சிரித்த முகத்தோடு காமிராவிடம் ஏதேதோ சொன்னாள். ஆன்சி வண்ணத் தட்டைத் திறந்தாள். கருநீலம் இருந்தது, பச்சை இருந்தது, மஞ்சளும் இருந்தது. வரைவது ஒன்றும் கஷ்டமில்லை. விரல் எங்கே விழும் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அதை அளந்து பார்க்க இடது கையைச் சுஜாவின் கழுத்தில் வைத்தாள். கட்டைவிரல் இந்தப் பக்கம், மற்ற விரல்கள் அந்தப் பக்கம். உள்ளங்கைக்குக் கீழே ஒரு நரம்பு துடித்தது. சுஜா எச்சில் விழுங்கினாள். அது ஆன்சியின் கையில் தெரிந்தது. இவ்வளவு மென்மையான இடத்தில், இப்படி வைத்து, எவ்வளவு அழுத்தியிருந்தால் அந்த நிறம் வரும்?

அவள் கையை எடுத்துவிட்டாள்.

"என்னக்கா?"

"எனுக்கு இத வரையத் தெரியும்" என்றாள் ஆன்சி. "ஆனா நான் வரையல. அவங்க கழுத்துல நான் கையே வெக்கல. அது மெய்யான காயம். மறைக்காதேன்னு அவங்களே என் கையப் புடிச்சி சொன்னாங்க. ஊரு பாக்கட்டும்னு சொன்னாங்க. அவங்க வூட்டுக்காரரு பண்ணது அது."

சுஜா காதில் மாட்டியிருந்த கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு எதையோ கேட்டாள். விளக்கு அணைந்தது.

"கட் பண்ணிட்டாங்க அக்கா" என்றாள் மெல்ல. "ஆனா நீங்க சொன்னது டிவில போயிடுச்சு." பிறகு தன் செல்போனைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "இதைப் பாருங்க. இப்பதான் போட்டிருக்காங்க."

வினிதா பேசிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் ஒப்பனை, காதில் வைரத்தோடு, தாடைவரை மூடிய ரவிக்கை. "ஆன்சி இவ்வளவு தத்ரூபமா வரைவாங்கன்னு நான் நினைக்கவே இல்ல. கண்ணாடியில பாத்து நானே பயந்துட்டேன். அந்தப் பொண்ணுக்குப் பெரிய எதிர்காலம் இருக்கு." சிரித்தாள். கும்பிட்டாள்.

"எது அக்கா நிஜம்?" என்று கேட்டாள் சுஜா. அவள் குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். சானல்காரர்கள் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். தெருவும் வெகுநேரம் முணுமுணுத்துவிட்டுத்தான் கலைந்தது. பேருக்கு ஆசைப்பட்டுப் பொய் சொல்கிறாள் என்று யாரோ சொன்னது உள்ளேவரை கேட்டது.

"பாத்தியா? அந்தப் பொண்ணே சொல்ட்ச்சி. இப்ப யாரு பொய்க்காரி ஆனது?" என்று ஆரம்பித்த ஃப்ளோரன்ஸ், ஆன்சியின் கையிலிருந்த செல்போனை வாங்கி அந்த வீடியோவை மறுபடியும் பார்த்தாள். பாதியில் நிறுத்தித் திரையை அருகே கொண்டுபோனாள்.

"இன்னாடி இது. கும்புடும்போதுகூடத் தலைய அசைக்கல. கழுத்த திருப்பவே முடியல அதுக்கு."

ஆன்சி பார்த்தாள். ஆமாம். தொடக்கத்திலிருந்து முடிவுவரை அந்தக் கழுத்து ஒருபுறமும் திரும்பவில்லை. காலையில் திரும்பியது. நோயல் சொன்ன பக்கமெல்லாம் திரும்பியது.

ஃப்ளோரன்ஸ் செல்போனை மகளிடம் நீட்டினாள். "உங்க அண்ணன கூப்புடு."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவனே கூப்பிட்டான்.

"ஆன்சி, குறுக்க பேசாத, கேளு." மும்பை மெருகெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. இராயபுரத்துப் பையனாக, மூச்சிரைக்கப் பேசினான். "அந்த வீடியோ மத்தியானமே எடுத்தது, டிவில நீ பேசுனத அப்புறம்தான் அந்தப் பொண்ணு பாத்துச்சி. பாத்துட்டு, பின்னால படி கீற மாடி ரூமுக்குள்ள போய் தாப்பா போட்டுகிச்சி. எத்தினி தட்டியும் தொறக்கல. உன் பேர மட்டும் சொல்லிகினே கீது. ஆன்சிய வரச் சொல்லுங்கன்னு. இப்ப ரொம்ப நேரமா அந்தச் சத்தமும் இல்ல."

"அந்தாளு எங்க?"

நோயலுக்கு வெகு அருகிலிருந்து அந்த நிதானமான குரல் தெளிவாகக் கேட்டது.

"பயப்படாம வரச் சொல்லுங்க நோயல். கார் அப்பவே அனுப்பிட்டேன்."

ஆன்சி செல்போனை இறக்கினாள். ஹென்றி ஏற்கெனவே ஸ்கூட்டர் சாவியை எடுத்திருந்தார்.

"அவன் கார்ல ஏறாத. நான் இட்டுகினு போறேன்."

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. பின்பக்கக் கதவு மட்டும் உள்ளிருந்து திறந்தது.

பின்சீட்டில் வினிதா, கழுத்தைத் திருப்பாமல் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்; பின்படி வழியாக இறங்கி அந்தக் காரிலேயே வந்திருக்கிறாள். சாம்பல் நிறப் பட்டின் ஒரு முனை கதவுக்கு வெளியே சரிந்து தெருவில் விழுந்தது.